ஓட்டோ கியரில் கிளச் பதமாகப் பிடிக்க

காலையில் ஒரு வண்டி கராஜுக்குள் வந்தால் நான் முதலில் போனட்டைத் திறப்பதில்லை. ஓட்டி வந்தவரை இறங்கச் சொல்லிவிட்டு நானே ஏறி இருப்பேன். பிறேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு லீவரை நியூட்ரலில் இருந்து, முன்னுக்கு ஓடுவதற்கான டி-க்கு இழுப்பேன். இழுத்ததற்கும் வண்டி லேசாக முன்னே தள்ளுவதற்கும் இடையில் எவ்வளவு நேரம் போகிறது? அந்தத் தள்ளல் தோளில் கை வைத்ததுபோல வருகிறதா, முதுகில் ஓங்கி அறைந்ததுபோல வருகிறதா? எனக்குத் தெரியவேண்டியதில் பாதி அந்த ஒரு விநாடியிலேயே தெரிந்துவிடும்.

அன்புவழிபுரத்தில் கராஜ் போட்டு இருபது வருடத்துக்கு மேலாகிறது. அப்போது திருகோணமலையில் ஓட்டோ கியர் வண்டி, அதாவது கியரைத் தானாக மாற்றும் வண்டி என்றால் எண்ணிவிடலாம். இப்போது என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் அதுதான். "அண்ண, கியர்பொக்ஸ் போயிட்டுதாம், மாத்த வேணுமாம்" என்று முகம் கறுத்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். பெட்டியைக் கழற்றாமலே சரியாகிப் போன வண்டிகளும் அதிகம். உள்ளே ஒன்றும் உடைந்திருக்காது. கிளச் பிடிக்கிற நேரமும் பிடிக்கிற பதமும் பிசகியிருக்கும், அவ்வளவுதான். அதைப் பெட்டியைத் திறக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது என்பதைத்தான் எழுதுகிறேன். வண்டி வைத்திருப்பவர்களும் கராஜில் பழகுகிற தம்பிமாரும் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

ஓட்டோ கியரில் கிளச் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லாதது கிளச் பெடல்தான். சாதாரண ஓட்டோ பெட்டி ஒன்றுக்குள் பல கிளச்சுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒயிலில் ஊறிய தட்டுகளின் அடுக்கு. ஓர் இரும்புத் தட்டு, அடுத்தது இரண்டு பக்கமும் தடித்த காகிதம்போல உராய்வுப் பூச்சு ஒட்டிய தட்டு, மறுபடி இரும்பு. அடுக்குக்குப் பின்னால் ஒரு பிஸ்டன். ஒயில் அழுத்தம் வந்தால் பிஸ்டன் தட்டுகளை நெருக்கும். அழுத்தம் விட்டால் ஸ்பிரிங் அதைப் பின்னுக்குத் தள்ளிவிடும்.

நெருக்குவது ஒரே அடியில் நடக்கக்கூடாது. இறங்குதுறைக்குப் படகு வருவதைப் பார்த்திருப்பீர்கள். கிட்ட வரும்வரை ஓட்டமாக வரும். கடைசி இரண்டு முழத்தில் எஞ்சினைக் குறைத்து, ரயர் தொங்கவிட்ட சுவரில் மெல்ல உரசும். உரசி நின்ற பிறகுதான் கயிற்றை இழுத்துக் கட்டுவார்கள். கிளச்சுக்கும் அதே மூன்று கட்டம். பிஸ்டனுக்கும் தட்டுக்கும் நடுவில் இருக்கும் சின்ன இடைவெளியை ஒயில் வேகமாக நிரப்ப வேண்டும். தட்டு தட்டைத் தொடும் இடத்தில் அழுத்தம் நிதானிக்க வேண்டும். பிறகு வழுக்கிக்கொண்டே மெல்ல மெல்ல இறுகி, இரண்டு பக்கமும் ஒரே வேகத்துக்கு வந்ததும் முழு அழுத்தத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும். நிரப்பல் குறைந்தால் வண்டி தாமதித்து, பிறகு ஒரு அடியோடு பிடிக்கும். நிரப்பல் கூடினால் தொடும் இடத்தைத் தாண்டிப் போய் முட்டும்.

கொம்பியூட்டர் வருவதற்கு முன்னாலேயே இதைச் செய்தார்கள். ஜெனரல் மோட்டர்ஸ் 1939இல் ஹைட்ராமற்றிக் பெட்டியைக் கொண்டுவந்தபோது எல்லா முடிவுகளையும் எடுத்தது ஒயிலும் வால்வும் ஸ்பிரிங்கும்தான். பின்னால் வந்த பெட்டிகளில் அக்கியூமுலேற்றர் என்ற ஸ்பிரிங் வைத்த சிறு உருளை, வரும் அழுத்தத்தில் கொஞ்சத்தைத் தான் வாங்கிக்கொண்டு கிளச்சுக்கு மெதுவாக விட்டது. இன்றைய பெட்டியில் அந்த வேலையை மின்னால் இயங்கும் வால்வான சொலனொயிட் செய்கிறது, அதற்குக் கட்டளை கொடுப்பது கொம்பியூட்டர். பெட்டிக்குள் போகும் வேகத்துக்கு ஒரு சென்சர், வெளியே வரும் வேகத்துக்கு இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை வைத்து கிளச் எப்போது தொட்டது, எவ்வளவு நேரம் வழுக்கியது என்று கணக்குப் பார்க்கும். தாமதமாகத் தொட்டிருந்தால் அடுத்த தடவை ஒயிலைக் கொஞ்சம் கூட்டி விடும். அந்தத் திருத்தத்தை ஞாபகத்திலும் வைத்துக்கொள்ளும். நாங்கள் கராஜில் லேர்னிங் என்று சொல்வது இதைத்தான்.

உங்கள் வண்டி எந்த வகை என்று தெரியாமல் கையை வைக்க வேண்டாம். எஞ்சினின் சுழற்சியை ஒயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் டோர்க் கொன்வேர்ட்டரும் ஒயில் கிளச்சுகளும் உள்ள வழமையான பெட்டி ஒரு வகை. சிவிடி இன்னொன்று. அதில் இரும்புப் பட்டி கப்பிகளில் ஓடும், ஆனால் வண்டியை முன்னுக்கும் பின்னுக்கும் எடுக்க அங்கேயும் ஒயில் கிளச் இருக்கிறது. மூன்றாவது, சுசுகி ஏஜிஎஸ் என்று சொல்வதுபோல, மனுவல் பெட்டிதான், கால் செய்த வேலையை ஓர் அக்சுவேற்றர் செய்யும். உலர் கிளச். நான்காவது இரட்டைக் கிளச். ஒற்றைப்படைக் கியருக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று. சிலவற்றில் அது ஒயிலில் ஊறியது, நம் ஊரில் ஓடும் ஹைபிரிட் கார்கள் சிலவற்றில் உலர்ந்தது. பிடிக்கும் தத்துவம் நாலுக்கும் ஒன்று. பராமரிப்பு வேறு வேறு.

சரி, சோதனைக்கு வருவோம். இதற்குக் கையில் போன் இருந்தால் போதும். சமதரையில் நிறுத்துங்கள். எஞ்சினும் ஒயிலும் நன்றாகச் சூடாகட்டும், ஏசியை நிறுத்துங்கள், ஹாண்ட் பிறேக்கைப் போட்டு, கால் பிறேக்கையும் மிதியுங்கள். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் ஆள் நிற்கக்கூடாது. ஸ்டொப்வோச்சைத் தொட்டுக்கொண்டு நியூட்ரலில் இருந்து டி-க்கு இழுங்கள், தள்ளல் தெரிந்ததும் நிறுத்துங்கள். ஒரு நிமிடம் விட்டு மறுபடி. மூன்று தடவை எடுத்து சராசரி பாருங்கள். பிறகு ரிவேர்ஸுக்கும் அப்படியே. டொயோட்டாவின் பழுதுபார்ப்பு நூல்களில் இதற்கு வழமையாகத் தரும் எல்லை, டி-க்கு 1.2 விநாடிக்குக் குறைவு, ரிவேர்ஸுக்கு 1.5 விநாடிக்குக் குறைவு. மற்றக் கம்பனி வண்டிகளுக்கும் நான் முதல் மதிப்பீட்டுக்கு இதையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். டி மட்டும் தாமதித்தால் பிழை, வண்டியை முன்னுக்கு எடுக்கும் கிளச்சின் பாதையில். ரிவேர்ஸ் மட்டும் தாமதித்தால் அந்தப் பக்கத்தில். இரண்டும் தாமதித்தால் முதலில் ஒயிலைப் பாருங்கள், ஏனென்றால் இரண்டுக்கும் பொதுவானது அதுதான்.

நேரம் சரியாக இருந்து அடி மட்டும் பலமாக இருக்கிறதா? மீற்றரில் ஐட்லிங்கை, அதாவது அக்சிலேற்றரை மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகத்தைப் பாருங்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணிய உடனே எஞ்சின் 1,400, 1,500 ஆர்பிஎம்மில் நிற்கும்போது டி-யில் போட்டால் எந்தப் பெட்டியும் அடிக்கத்தான் செய்யும். நம் ஊர் வெக்கைக்கு அது இறங்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஊசி ஆயிரத்துக்குக் கீழே வரட்டும், பிறகு இழுங்கள். ஐட்லிங் சரியாக இருந்தும் அடித்தால் எஞ்சினைத் தாங்கும் மவுண்டுகளைப் பாருங்கள். றப்பர் கிழிந்த மவுண்ட் "டொக்" என்று இரும்பில் இரும்பு படும் சத்தம் தரும், பழி பெட்டியில் விழும். ஒருவர் உள்ளே பிறேக்கை மிதித்துக்கொண்டு டி-க்கும் ரிவேர்ஸுக்கும் மாற்ற, இன்னொருவர் பக்கத்தில் நின்று எஞ்சின் எவ்வளவு எழும்புகிறது என்று பார்த்தால் விளங்கிவிடும்.

ஒயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாதி வண்டிகள் இங்கேதான் திருந்துகின்றன.

டிப் ஸ்டிக் உள்ள பெட்டிகளில் ஒயில் அளவை எஞ்சின் ஓடும்போதுதான் பார்க்க வேண்டும், அதுவும் ஒயில் 70, 80 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்கும்போது. பத்துப் பதினைந்து கிலோமீற்றர் ஓடிவந்தால் அந்தச் சூடு வரும். லீவரை, வண்டியை நிறுத்தி வைக்கும் பி-யில் இருந்து கடைசி வரை ஒவ்வொரு இடத்திலும் சற்று நிறுத்திக் கொண்டுபோய், மறுபடி பி-க்குக் கொண்டுவந்து, அதன் பிறகு கம்பியை இழுத்துத் துடைத்துப் பாருங்கள். எஞ்சின் ஒயிலைப் போல நிறுத்தி வைத்துப் பார்த்து, குறைவோ கூடவோ என்று ஊற்றியதால் கெட்ட வண்டிகளைக் கண்டிருக்கிறேன்.

புதிய வண்டிகளில் டிப் ஸ்டிக் இல்லை. அடியில் ஒரு வழிவு ஆணி இருக்கும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஒயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது அதைத் திறந்தால், ஒயில் நூல்போல ஒழுகிச் சொட்டாக மாறும் இடம்தான் சரியான அளவு. பல பெட்டிகளுக்கு அந்தச் சூடு 35 முதல் 45 பாகை வரைதான். உங்கள் வண்டிக்கு உரிய சூட்டளவைப் பழுதுபார்ப்பு நூலில் பாருங்கள்.

இதில் என் கையால் ஒரு பிழை நடந்தது. பல வருடத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாதம். கச்சான் காற்று அனலாக வீசிக்கொண்டிருந்தது. நிலாவெளியில் இருந்து வந்த ஒரு காருக்கு மத்தியானம் ஒயில் மாற்றினேன். வெயிலில் ஓடி வந்த பெட்டி, அதோடு எஞ்சினையும் ஓடவிட்டிருந்தேன். வண்டிக் கொம்பியூட்டரை வாசிக்கும் ஸ்கேனரில் சூட்டைப் பார்க்கவில்லை, கையால் தொட்டுப் பார்த்து இளஞ்சூடு என்று முடிவுகட்டினேன். ஒயில் 60 பாகை இருந்திருக்கும். சூட்டில் பொங்கியிருந்த ஒயில் வழிவு ஆணியால் வேண்டியதற்கு மேல் வெளியே போய்விட்டது. நூல்போல ஒழுகியதும் பூட்டிவிட்டேன். மறுநாள் விடிய அவர் போன் எடுத்தார். டி-யில் போட்டால் மூன்று விநாடி ஒன்றும் இல்லையாம், பிறகு தடக்கென்று பாய்கிறதாம். ஒயில் ஆறிச் சுருங்கியதும் அளவு குறைந்து, பம்ப் ஒயிலோடு காற்றையும் உறிஞ்சியிருக்கிறது. காற்றை நெருக்கலாம், ஆனால் அது பிஸ்டனைத் தள்ளாது. நிரப்பல் அங்கேயே தவறிவிட்டது. அவருடைய வீட்டுக்கே போய், ஆறிய பெட்டியில் ஒயிலை ஊற்றி, 40 பாகையில் அளந்து பூட்டினேன். அன்றைக்குப் பிறகு வைகாசியில் இருந்து புரட்டாசி வரை இந்த வேலையைக் காலை ஆறு மணிக்குத்தான் செய்கிறேன். வண்டியை முதல்நாள் இரவே கராஜில் விட்டுவிடச் சொல்வேன். மத்தியானத்தில் நம் ஊர்க் கொங்கிறீற் தரையே 40 பாகைக்கு மேல் போய்விடும், பெட்டி எப்படி ஆறும்?

வடித்த ஒயிலைக் கீழே கொட்டிவிடாதீர்கள். அளந்து வையுங்கள், வந்த அளவையே திருப்பி ஊற்றுவதற்கு அது ஒரு கணக்கு. ஒரு சொட்டை வெள்ளைக் கடதாசியில் விட்டுப் பாருங்கள். சிவப்போ மங்கிய பழுப்போ பரவினால் பயமில்லை. நடுவில் கரும்புள்ளியாக நின்று கருகிய மணம் வந்தால் தட்டு எரிந்திருக்கிறது. பெட்டியின் அடியில் உள்ள எண்ணெய்த் தட்டில் இருக்கும் காந்தத்தில் மைபோல மெல்லிய சாம்பல் பூச்சு இருப்பது வழமை. விரலில் உறுத்தும் தகடோ நாரோ இருந்தால் புது ஒயில் இனி உதவாது.

ஒருதடவை வடித்தால் பழைய ஒயில் முழுதும் வராது. பெரும் பகுதி டோர்க் கொன்வேர்ட்டருக்குள்ளும் குழாய்களிலும் நின்றுவிடும். அதனால் சில நூறு கிலோமீற்றர் இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவை வடித்து ஊற்றுவதுதான் எனக்குப் பிடித்த முறை. மெசினால் ஒரேயடியாக அழுத்திக் கழுவுவதைப் பழைய பெட்டிகளில் நான் செய்வதில்லை. ஒயில் வகையில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கிளச் எப்படி வழுக்கி எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதை முடிவுசெய்வது ஒயிலில் கலந்திருக்கும் உராய்வு மருந்து. சிவிடிக்குரிய ஒயில் வேறு, வழமையான ஓட்டோ பெட்டிக்குரிய ஏடிஎஃப் ஒயில் வேறு. சிவப்பாக இருக்கிறது என்பதற்காக ஒன்றை மற்றதில் ஊற்றினால் பட்டியும் கப்பியும் சேர்ந்து கெடும்.

அடுத்தது, கடலோரத்தில் இருக்கும் நமக்கென்றே வந்த பிரச்சினை, உப்பு. மூதூரில் இருந்து ஒரு டீச்சர் சென்ற வருடம் ஓட்டோ கார் ஒன்றைக் கொண்டுவந்தார். முதலாம் கியரில் இருந்து இரண்டுக்குப் போகும்போது தலை ஆடும் அளவுக்கு இழுப்பு. அதற்கு முன் காட்டிய ஓரிடத்தில் பெட்டி மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அவர் அதற்காகச் சீட்டுக் காசை எடுக்க யோசித்துக்கொண்டிருந்தார். ஒயில் சரி. கடதாசியில் விட்ட சொட்டும் நல்லது. பற்றரியைப் பார்த்தேன், எஞ்சின் நிற்கும்போது 12.1 வோல்ற். பற்றரியின் நெகற்றிவ் வயர் உடலில் பூட்டும் இடத்தில் நட்டைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருந்தது. பெட்டிக்குப் போகும் ஏர்த் பட்டி பாதி அறுந்து நார்நாராகத் தொங்கியது. சொலனொயிட்டுக்குக் கொம்பியூட்டர் கணக்காக மின்னை அனுப்புகிறது, திரும்பி வரும் பாதையில் அது சிந்திப்போகிறது. பிறகு எப்படி அழுத்தம் கணக்காக வரும்? பட்டியை மாற்றி, பூட்டும் இடங்களை உரஞ்சித் துடைத்து, கிறீஸ் பூசி, நல்ல பற்றரி போட்டு, பழைய ஞாபகத்தை ஸ்கேனரால் அழித்துவிட்டு, மறுபடி பழக்கினேன். கார் இன்றைக்கும் அதே பெட்டியோடு கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி வந்து போய்க்கொண்டிருக்கிறது.

சொலனொயிட்டை மீற்றரால் அளக்கும் தம்பிமாருக்கு ஒரு விஷயம். டொயோட்டா நூல்களில் ஓன்-ஓஃப் சொலனொயிட்டுக்கு 11 முதல் 15 ஓம், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் லீனியர் சொலனொயிட்டுக்கு 5.0 முதல் 5.6 ஓம் என்று பல இடங்களில் போட்டிருக்கும். பக்கத்தில் 20 பாகையில் என்றும் இருக்கும், அதை வாசிக்காமல் விடுகிறோம். செம்புக் கம்பி ஒவ்வொரு பாகைக்கும் நூற்றுக்கு 0.4 அளவில் தடையைக் கூட்டும். 35 பாகையில் நிற்கும் நம் கராஜில் 5.6 என்பது 5.9 ஆகக் காட்டும். நல்ல சொலனொயிட்டை இதனால் தூக்கி எறிந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஞாபகம் அழித்த பெட்டியைப் பழக்குவதற்குப் பொறுமை வேண்டும். ஞாபகம் அழித்து விட்டுச் சாவியைக் கையில் கொடுத்தால் வண்டி முன்னையதைவிட மோசமாக அடிக்கும், வாடிக்கையாளர் பயந்துவிடுவார். நான் செய்யும் முறை இது. முதலில் வண்டியை நிறுத்தி வைத்தே, பிறேக்கில், நியூட்ரலில் இருந்து டி-க்கும் மறுபடி நியூட்ரலுக்கும், ஒவ்வொன்றிலும் மூன்று நாலு விநாடி நிறுத்தி, பல தடவை. பிறகு ரிவேர்ஸுக்கும் அப்படியே. அப்புறம் உப்புவெளி தாண்டி நிலாவெளி வீதி. காலை ஆறரைக்கு சாம்பல்தீவுப் பக்கம் வீதி வெறிச்சென்று இருக்கும். அக்சிலேற்றரை மெல்லியதாக மிதித்து, காலை அசைக்காமல் ஒரே அளவில் வைத்து, எல்லாக் கியரும் ஒவ்வொன்றாக ஏறவிடுவேன். பிறகு காலை எடுத்து, பிறேக்கையும் மெதுவாக மிதித்து, கியர்கள் தானாக இறங்கி நிற்கும்வரை வருவேன். இப்படிப் பத்துத் தடவை. அடுத்த பத்து, கொஞ்சம் கூட மிதித்து. காலை ஏற்றி இறக்கி ஓட்டினால் கொம்பியூட்டருக்கு நிதானமான ஓர் அளவு கிடைக்காது, அது பழகாது. ஏழாம் எட்டாம் தடவையில் அந்த இழுப்பு மெலிந்து போவது இருக்கையில் தெளிவாகத் தெரியும். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

ஓடும்போது எஞ்சின் ஊசி திடீரென மேலே ஏறி, அதன் பிறகு கியர் விழுந்தால், விட வேண்டிய கிளச் முந்திவிட்டது, பிடிக்க வேண்டியது பிந்திவிட்டது என்று அர்த்தம். யாரோ பிறேக் போட்டதுபோல ஒரு கணம் வண்டி முட்டினால் இரண்டும் ஒரே நேரத்தில் பிடித்திருக்கின்றன. இந்த இரண்டில் எது, எந்தக் கியரில் இருந்து எந்தக் கியருக்கு, சூட்டிலா குளிரிலா என்று எழுதிக்கொண்டு வாருங்கள். "கியர் அடிக்குது" என்பதைவிட அது பத்து மடங்கு உதவி.

இன்னொரு வகை நடுக்கம் இருக்கிறது. 50, 60 கிலோமீற்றர் வேகத்தில், அக்சிலேற்றரை லேசாக வைத்துப் போகும்போது, கரடு வரிகளுக்கு மேல் போவதுபோல ஒரு துடிப்பு. டோர்க் கொன்வேர்ட்டருக்குள், எஞ்சினையும் பெட்டியையும் நேரடியாகப் பூட்டும் லொக்-அப் கிளச் பூட்டப் பார்த்து வழுக்கும்போது இது வரும். சோதனை சுலபம். வீதி வெறுமையாக இருக்கும்போது, வேகத்தை மாற்றாமல், பிறேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் இடது காலால் பெடலைத் தொடுங்கள். அந்தச் சமிக்ஞைக்கு லொக்-அப் விட்டுவிடும். துடிப்பு அந்தக் கணமே நின்றால் லொக்-அப்தான், ஒயிலை மாற்றிப் பாருங்கள், பலதும் அதிலேயே தீரும். நிற்காவிட்டால் பிளக், கொயில் பக்கம் போங்கள். எஞ்சின் ஒரு சிலிண்டரில் தவறி எரிந்தாலும் துடிப்பு அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும்.

உலர் கிளச் வண்டிகளை, அதாவது ஏஜிஎஸ் வகையையும் உலர் இரட்டைக் கிளச்சையும், வேறு கண்ணால் பார்க்க வேண்டும். அங்கே சூட்டை எடுத்துப்போக ஒயில் இல்லை. கிளச் வழுக்கும்போது வரும் சூடு தட்டிலேயே தங்கும். திருகோணமலையில் இதற்குப் பெரிய சோதனை கோணேசர் கோயில் ஏற்றம். திருவிழா நாட்களில் பிரெட்ரிக் கோட்டை வாசலால் நுழைந்து, மான்கள் குறுக்கே போக, சனத்துக்கு நடுவே வண்டிகள் அங்குலம் அங்குலமாக ஏறும். பலர் பிறேக்கை மிதிக்காமல், அக்சிலேற்றரை லேசாக வைத்து வண்டியை ஏற்றத்தில் அந்தரத்தில் நிறுத்துவார்கள். ஒயில் பெட்டியில் பழகிய பழக்கம். உலர் கிளச்சில் அப்படி நிற்கும்போது எஞ்சின் கொடுக்கும் சக்தி முழுவதும், ஒரு துளி மிச்சமில்லாமல், தட்டில் சூடாகிறது. சில நிமிடத்தில் மணம் வரும். பிறகு எச்சரிக்கை விளக்கு. பிறகு வண்டி எடுக்காது.

ஏற்றத்தில் நின்றால் பிறேக்கால் நிற்க வேண்டும். பிறேக்கை மிதித்தால் கிளச் விட்டுக்கொள்ளும். முன்னால் உள்ள வண்டி ஒரு வண்டி நீளத்துக்காவது போகட்டும், பிறகு பிறேக்கை விட்டு, தயங்காமல் அக்சிலேற்றரை மிதித்து ஒரேயடியாக எடுங்கள். வண்டி பின்னுக்கு வழுகும் என்றால் ஹாண்ட் பிறேக்கில் பிடித்துக்கொண்டு எடுக்கலாம். மணம் வந்துவிட்டால் ஓரம் கட்டி, நியூட்ரலில் போட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுங்கள். சுற்றும் ஃப்ளைவீலின் காற்று தட்டை ஆற்றும். தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

உலர் கிளச் தேயத் தேய அது தொடும் இடம் நகரும். கொம்பியூட்டர் அதைப் பின்தொடர்ந்து வரும், ஆனால் சில வேளை பின்தங்கிவிடும். எடுக்கும்போது நடுங்கினால், அல்லது பிறேக்கை விட்டதும் தானாக ஊர வேண்டிய வண்டி ஊராமல் நின்றால், தட்டை மாற்ற முன் ஸ்கேனரில் கிளச் லேர்னிங்கைச் செய்து பாருங்கள். பற்றரி நிறைந்திருக்க வேண்டும், தரை சமமாக இருக்க வேண்டும், எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், தட்டு ஆறியிருக்க வேண்டும், நடுவில் ஒருவரும் கதவைத் திறக்கவோ பெடலைத் தொடவோ கூடாது. அக்சுவேற்றர் ஒயிலால் வேலை செய்யும் வகை என்றால் அதற்குத் தனியாக ஒரு சின்னப் போத்தல் இருக்கும். கியர் ஒயிலைப் பார்த்தவர்கள் அந்தப் போத்தலை மறந்துவிடுகிறார்கள். புதுக் கிளச் தட்டுப் போட்டுவிட்டு லேர்னிங் செய்யாமல் அனுப்பினால், பழைய தட்டின் தொடும் இடத்தை வைத்துக்கொண்டு அது புதியதை முதல் வாரத்திலேயே எரித்துவிடும்.

மார்கழி வெள்ளத்தைப் பற்றிச் சுருக்கமாக. வாடைக் காற்றோடு மழை பிடித்து, கந்தளாய்ப் பக்கமோ தம்பலகாமத்திலோ வீதியில் தண்ணீர் நின்றால், பெட்டியின் மூச்சுக் குழாய் நனையும் ஆழத்துக்கு இறக்க வேண்டாம். இறக்கியிருந்தால் அடுத்த நாளே ஒரு சொட்டு ஒயிலைப் பாருங்கள். பால் கலந்த சர்பத்து நிறம் என்றால் தண்ணீர் போய்விட்டது. தட்டில் உள்ள காகிதப் பூச்சு தண்ணீரை உறிஞ்சி, ஒட்டு விட்டு உரிந்துவிடும். அதுக்குப் பொறுமை காட்ட நேரமில்லை, வண்டியை ஓட்டாமல் கட்டி இழுத்துக்கொண்டு வாருங்கள்.

எப்போது பெட்டியைக் கழற்றுவது? ஒயில் கருகி மணந்தால். காந்தத்தில் தகடு வந்தால். அளவு, ஏர்த், ஞாபகம் மூன்றும் சரியாகியும் டி-க்கு இரண்டு விநாடிக்கு மேல் எடுத்தால், அதுவும் அழுத்தக் கேஜில் பம்ப் நன்றாக இருப்பதாகக் காட்டினால். அப்படியானால் பிஸ்டனின் றப்பர் சீல் இறுகி, நிரப்பும் ஒயில் கசிகிறது. அதை வெளியில் இருந்து யாராலும் சரிசெய்ய முடியாது. அந்த நிலையில் திறக்கத் தயங்கவும் கூடாது, ஏனென்றால் கசியும் கிளச் ஒவ்வொரு தடவையும் வழுக்கி மற்றத் தட்டுகளின் ஒயிலையும் கருக்கிவிடும்.

வேலை முடிந்த வண்டியை நான் அன்றைக்கே கொடுப்பதில்லை. இரவு நிற்கட்டும். விடிய, எஞ்சினும் ஒயிலும் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, ஊசி ஆயிரத்துக்குக் கீழே இறங்கும்வரை பார்த்துவிட்டு, மூன்று தடவை டி, மூன்று தடவை ரிவேர்ஸ், நேரத்தைக் குறித்துக்கொள்வேன். சூடான பிறகு மறுபடி மூன்று, மூன்று. அந்த எண்களை ஒயில் மாற்றிய திகதியோடும் கிலோமீற்றரோடும் ஒரு சின்னத் துண்டில் எழுதி ஓட்டுநர் கதவின் உள்பக்கத்தில் ஒட்டிவிடுவேன். ஆறு மாதம் கழித்து நீங்களே போனை எடுத்து அளந்து, அந்தத் துண்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.